கட்டுமானக் கணக்கு மென்பொருளில் ஒப்பந்த வருவாய்க் கணிப்பு: மாதந்தோறும் செய்ய வேண்டியவை, வரிசைப்படி

வாடிக்கையாளருக்கு அனுப்பிய பில்லின் தொகையை அப்படியே வருவாயாக எடுத்துக்கொண்டால், கட்டுமான நிறுவனத்தின் இலாப நட்டக் கணக்கு உண்மையைச் சொல்லாது. பில் என்பது ஒப்பந்தத்தில் பேசி வைத்த தவணை; வருவாய் என்பது அந்த மாத இறுதிவரை செய்து முடித்த வேலையின் மதிப்பு. இவ்விரண்டுக்கும் உள்ள இடைவெளியை மாதந்தோறும் கணித்துப் பதிவதற்காகவே கட்டுமானக் கணக்கு மென்பொருள்களில் வருவாய்க் கணிப்பு என்னும் பகுதி தனியாக இருக்கிறது.

இந்தப் பகுதியில் புதிதாக அமர்பவர்கள் திரையைக் கற்றுக்கொள்ள அதிக நேரம் எடுப்பதில்லை. அவர்கள் தடுமாறுவது வேலையின் வரிசையில்தான். வருவாய்க் கணிப்பு என்பது செலவுக் கணிப்பிலிருந்து பிறக்கும் எண். செலவு சரியாகும் முன் வருவாயைத் தொட்டால், அதன்பின் செய்யும் ஒவ்வொரு திருத்தமும் இன்னொரு திருத்தத்தைக் கேட்கும். கீழே உள்ள படிகளை எழுதிய வரிசையிலேயே செய்ய வேண்டும். திரைகளின் பெயர்கள் மென்பொருளுக்கு மென்பொருள் மாறும். அடியில் இருக்கும் கணக்கு மாறாது.

விளக்கத்திற்காக ஒரே ஒப்பந்தத்தைக் கடைசிவரை எடுத்துக்கொள்வோம். மூல ஒப்பந்த விலை 100 இலட்சம். மூலச் செலவு மதிப்பீடு 85 இலட்சம். பின்னர் ஒப்புதல் பெற்ற கூடுதல் வேலையின் விலை 6 இலட்சம், அதற்கான செலவு 5 இலட்சம். ஆகவே நடப்பு ஒப்பந்த மதிப்பு 106 இலட்சம், கணித்த மொத்தச் செலவு 90 இலட்சம், எதிர்பார்க்கும் இலாபம் 16 இலட்சம்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

கையெழுத்தான ஒப்பந்தமும் அதன் விலைப் பட்டியலும் முதலில் வேண்டும். மென்பொருளில் உள்ள ஒப்பந்தத் தொகையை நம்பித் தொடங்குபவர்கள், அது ஏலத்தில் குறிப்பிட்ட தொகையா, பேச்சுவார்த்தைக்குப் பிறகு கையெழுத்தான தொகையா என்பதைச் சரிபார்ப்பதில்லை. இரண்டும் ஒன்றாக இருந்துவிட்டால் நல்லது. இல்லாவிட்டால் முதல் மாதத்திலிருந்தே எல்லா விழுக்காடுகளும் பிழையான தொகையின்மேல் நிற்கும்.

அடுத்து, மாற்றாணைகளின், அதாவது ஒப்பந்த வேலையில் வரும் மாற்றங்களுக்கும் கூடுதல் வேலைகளுக்குமான ஆணைகளின், பதிவேடு வேண்டும். ஒவ்வொன்றும் எந்த நிலையில் இருக்கிறது என்பது அதில் தெளிவாகத் தெரிய வேண்டும்: ஒப்புதல் பெற்றது, வேலை செய்யச் சொல்லி விலை முடிவாகாதது, நாம் கேட்டு அவர்கள் பதில் தராதது, மறுக்கப்பட்டது. இவற்றோடு நிலுவையில் உள்ள துணை ஒப்பந்தங்கள், கொள்முதல் ஆணைகளின் பட்டியல், இதுவரை அனுப்பிய பில்களின் கணக்கு, பில்லிலிருந்து வாடிக்கையாளர் பிடித்து வைத்திருக்கும் தொகை, சென்ற மாதம் பதிந்த கணிப்பு அறிக்கை ஆகியவையும் வேண்டும். சென்ற மாத அறிக்கை இல்லாமல் இந்த மாதக் கணிப்பில் இறங்கக் கூடாது. எது மாறியது என்று கேட்பதே இந்த வேலையின் பாதி.

திட்ட மேலாளரிடமிருந்து வரவேண்டிய தகவலுக்குத் தேதி குறித்து, எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தொலைபேசியில் சொன்ன எண் மூன்று மாதம் கழித்து யாருடையது என்று தெரியாமல் போகும்.

2. ஒப்பந்த உருப்படிகளையும் செலவுக் குறியீடுகளையும் இணைத்தல்

பெரும்பாலான மென்பொருள்களில் ஒப்பந்தம் உருப்படிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். செலவுகள் குறியீடுகளில் விழும். ஒவ்வொரு செலவுக் குறியீடும் ஏதேனும் ஓர் ஒப்பந்த உருப்படியைச் சுட்ட வேண்டும். அந்த இணைப்பு வழியாகத்தான் செலவின் நிறைவு விழுக்காடு, அதாவது கணித்த மொத்தச் செலவில் இதுவரை ஆன செலவின் பங்கு, வருவாய்க்குப் போய்ச் சேருகிறது.

புதிய செலவுக் குறியீட்டை அவசரத்தில் திறந்து, இணைப்பை முதல் உருப்படிக்கே விட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை. அஸ்திவாரத்தின் கீழ் மின்வேலைச் செலவு போய் விழும். அஸ்திவாரம் 120 விழுக்காடு முடிந்ததாகவும் மின்வேலை தொடங்கவே இல்லை என்றும் அறிக்கை காட்டும். ஒப்பந்தத்தின் மொத்தத்தை மட்டும் பார்ப்பவருக்கு இது கண்ணில் படாது.

விழுக்காட்டை எந்த மட்டத்தில் கணக்கிடுவது என்பதையும் இப்போதே முடிவு செய்ய வேண்டும். உருப்படிகளின் இலாப விகிதங்கள் வெவ்வேறாக இருந்தால், உருப்படி வாரியாகக் கணக்கிட்டுக் கூட்டிய வருவாயும் ஒப்பந்தம் முழுமைக்கும் ஒரே விழுக்காட்டில் கணக்கிட்ட வருவாயும் ஒத்துவரா. சர்வதேச நிதி அறிக்கைத் தரமான ஐஎஃப்ஆர்எஸ் 15, வாடிக்கையாளருக்கு நாம் ஏற்றுக்கொண்ட தனித்தனிக் கடப்பாட்டை அலகாகக் கொள்கிறது. ஒரு கட்டடம் முழுவதையும் முடித்து ஒப்படைப்பதே கடப்பாடு என்றால், பில் வசதிக்காகப் பிரித்த உருப்படிகளைத் தனி அலகுகளாகக் கருதி இலாபத்தைப் பிரிக்கக் கூடாது. முடிவு எதுவாயினும் ஒப்பந்தத்தின் நடுவில் அதை மாற்றாதீர்கள்.

ஒப்பந்தத் தொகையில் வாடிக்கையாளரிடம் வசூலித்து அரசுக்குச் செலுத்தும் வரி கலந்திருக்கக் கூடாது. அது நம் வருவாய் அன்று.

3. மாதத்தின் செலவுகளை முழுமையாக்குதல்

கணிப்பைத் தொடும் முன் அந்த மாதத்தின் செலவுகள் எல்லாம் ஏறியிருக்க வேண்டும்: கூலி, இயந்திர வாடகை, கிடங்கிலிருந்து எடுத்த பொருள், துணை ஒப்பந்தக்காரர்களின் பில்கள். வேலை முடிந்தும் பில் வராதவற்றுக்கு மதிப்பிட்டு ஒதுக்கீடு போட வேண்டும்.

இதன் காரணம் எளியது. நம் ஒப்பந்தத்தில் செலவு 36 இலட்சம் என்றால் நிறைவு 40 விழுக்காடு. துணை ஒப்பந்தக்காரரின் 4 இலட்ச பில் விட்டுப்போனால் செலவு 32 இலட்சமாகவும் நிறைவு 35.6 விழுக்காடாகவும் தெரியும். ஒப்பந்த மதிப்பான 106 இலட்சத்தில் இந்த விழுக்காடே வருவாய் என்பதால், வருவாயில் ஏறத்தாழ 4.7 இலட்சம் குறையும். செலவில் விட்ட பிழை வருவாயில் பெருகி வருகிறது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

துணை ஒப்பந்தக்காரருக்குக் கொடுத்த முன்பணம் செலவுக் குறியீட்டில் விழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள். வேலை நடக்காத பணம் செலவாக நின்றால், நடக்காத வேலைக்கு நாம் வருவாய் எழுதிக்கொண்டிருப்போம்.

4. செலவுக் கணிப்பு: இங்கேதான் நேரம் செலவிட வேண்டும்

கணித்த மொத்தச் செலவு மூன்று பகுதிகளின் கூட்டுத்தொகை: இதுவரை ஆன செலவு, துணை ஒப்பந்தங்களிலும் கொள்முதல் ஆணைகளிலும் உறுதியளித்து இன்னும் பில் வராத தொகை, எந்த ஆணையும் போடாமல் இனிமேல் ஆகப்போகும் செலவு. முதல் இரண்டும் மென்பொருளில் இருக்கின்றன. மூன்றாவது, தளத்தில் இருப்பவரின் தலையில் இருக்கிறது. அதை வெளியே கொண்டுவருவதே இந்தப் படியின் வேலை.

பல மென்பொருள்கள் இந்த மூன்றாவது பகுதியைத் தாமாகவே ஊகிக்கும். மதிப்பீடு ஒருபுறம், ஆன செலவும் உறுதியளித்த தொகையும் சேர்ந்தது மறுபுறம் எனக் கொண்டு, எது பெரிதோ அதையே கணித்த செலவாகக் காட்டுவது பரவலான இயல்பு. இந்த ஊகம் மூன்று இடங்களில் ஏமாற்றும்.

முதலாவது, குறைந்த செலவில் முடிந்துவிட்ட வேலை. 8 இலட்சம் மதிப்பிட்ட குறியீடு 7 இலட்சத்தில் முடிந்தால், மென்பொருள் இன்னும் 1 இலட்சம் செலவாகும் என்றே வைத்திருக்கும். குறியீடு முடிந்ததாகக் குறித்து மீதத்தைப் பூச்சியமாக்கினால்தான் அந்தச் சேமிப்பு இலாபத்தில் தெரியும்.

இரண்டாவது, மதிப்பீட்டைத் தாண்டியும் தொடர்ந்து நடக்கும் வேலை. செலவு மதிப்பீட்டைக் கடந்த கணமே மீதச் செலவு பூச்சியம் என்று திரை காட்டும். ஆட்கள் அங்கே வேலை செய்துகொண்டுதான் இருப்பார்கள். அடுத்த மாதம் மறுபடி கணித்த செலவு ஏறும். அதற்கடுத்த மாதமும் ஏறும். ஒரு குறியீட்டின் கணிப்பு மாதந்தோறும் ஆன செலவுக்குச் சமமாகவே நகர்ந்தால், அங்கே யாரும் கணிக்கவில்லை என்று பொருள்.

மூன்றாவதுதான் மிகவும் ஆபத்தானது, ஏனெனில் திரையில் எந்த அறிகுறியும் இருக்காது. கான்கிரீட் வார்ப்பதற்கான பலகை அடைப்பு வேலைக்குக் கூலி 12 இலட்சம் மதிப்பிட்டிருக்கிறோம். 9 இலட்சம் செலவாகியிருக்கிறது. மதிப்பீட்டுக்குள்தான் இருக்கிறோம் என்று மென்பொருள் 12 இலட்சத்தையே காட்டும். ஆனால் மொத்தப் பரப்பில் பாதிதான் முடிந்திருக்கிறது என்றால், இதே வேகத்தில் அந்த வேலை 18 இலட்சத்தில்தான் முடியும். பணத்தை மட்டும் பார்த்தால் தெரியாத இந்த 6 இலட்சம், முடிந்த அளவைச் சதுர மீட்டரிலோ கன மீட்டரிலோ பதிந்து வந்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். ஆகவே கூலி அதிகமாக உள்ள குறியீடுகளுக்கேனும் மாதந்தோறும் முடிந்த அளவைத் தளத்திலிருந்து வாங்கி உள்ளிடுங்கள். எல்லாக் குறியீடுகளுக்கும் வேண்டாம். செலவின் பெரும்பகுதி சில குறியீடுகளிலேயே கூடியிருக்கும், அவற்றுக்குச் செய்தால் போதும்.

எதிர்பாராத செலவுக்கென ஒதுக்கிய குறியீட்டையும் ஒவ்வொரு மாதமும் திறந்து பார்க்க வேண்டும். வேலை 90 விழுக்காடு முடிந்த பிறகும் அந்த ஒதுக்கீடு முழுதாக இருந்தால் இலாபம் குறைவாகத் தெரியும். தொடக்கத்திலேயே அதை எடுத்துவிட்டால் இலாபம் ஊதிப் பெருத்துத் தெரியும்.

5. மாற்றாணைகளைப் பிரித்து உள்ளிடுதல்

ஒப்புதல் பெற்ற மாற்றாணைக்கு ஐயம் இல்லை. விலையையும் செலவையும் ஒரே மாதத்தில், ஒரே பதிவில் ஏற்றுங்கள். இரண்டில் ஒன்று மட்டும் ஏறினால் நடக்கும் குளறுபடியை இங்கே பார்க்கலாம்.

நம் ஒப்பந்தத்தில் விலை முடிவாகாத ஒரு கூடுதல் வேலைக்கு 4 இலட்சம் செலவாகும் என்று திட்ட மேலாளர் செலவுக் கணிப்பில் சேர்த்துவிட்டார், விலை சேர்க்கப்படவில்லை. கணித்த செலவு 94 இலட்சமாகிறது. 36 இலட்சச் செலவுக்கு நிறைவு 38.3 விழுக்காடாகக் குறைந்து, ஈட்டிய வருவாய் 42.4 இலட்சத்திலிருந்து ஏறத்தாழ 40.6 இலட்சமாக இறங்குகிறது. அந்தக் கூடுதல் வேலையை யாரும் இன்னும் தொடங்கவே இல்லை. எனினும் ஏற்கெனவே செய்த வேலையின் வருவாய் குறைந்துவிட்டது.

இதற்கு விடை, விலையையும் கண்ணை மூடிக்கொண்டு சேர்ப்பது அன்று. ஐஎஃப்ஆர்எஸ் 15-இன்படி, மாற்றத்தை இருதரப்பும் ஏற்று விலை மட்டும் முடிவாகாத நிலையில் அந்த விலையை மதிப்பிட்டுச் சேர்க்கலாம். ஆனால் பின்னாளில் பெரிய அளவில் திரும்ப எடுக்க நேராது என்று மிக உறுதியாக எதிர்பார்க்கும் அளவுக்கு மட்டுமே சேர்க்க வேண்டும். வாடிக்கையாளரின் எழுத்து மூலமான உத்தரவு இருக்கிறதா, இதே வாடிக்கையாளர் முன்பு இத்தகைய வேலைக்கு என்ன விலை ஒப்புக்கொண்டார், ஒப்பந்தத்தின் எந்தப் பிரிவு நமக்கு உரிமை தருகிறது என்னும் மூன்று கேள்விகளுக்கும் விடை இல்லாவிட்டால், அந்த விலையைச் சேர்க்காதீர்கள். வேலை செய்தாக வேண்டிய கட்டாயம் இருந்தால் செலவு நிற்கும், வருவாய் காத்திருக்கும். இலாபம் தற்காலிகமாகக் குறைவாகத் தெரிவதைத் திட்ட மேலாளர் விரும்ப மாட்டார். அவருடைய வருத்தம் நியாயமானதே என்றாலும், கிடைக்காத ஒப்புதலை எண்ணாக மாற்றும் அதிகாரம் கணக்காளருக்கு இல்லை.

புதிதாகச் சேர்ந்த வேலை மூல வேலையிலிருந்து தனித்து நிற்கக்கூடியதாகவும், அதன் தனி விலைக்கே ஒப்புக்கொண்டதாகவும் இருந்தால், அதைத் தனி ஒப்பந்தமாகவே மென்பொருளில் திறக்க வேண்டும். பழைய ஒப்பந்தத்தின் நிறைவு விழுக்காட்டோடு அதைக் கலக்கக் கூடாது.

தாமதத்திற்கான இழப்பீடும் முன்கூட்டி முடித்தால் கிடைக்கும் ஊக்கத்தொகையும் இதே படியில்தான் வரும். தாமத இழப்பீட்டைச் செலவுக் குறியீட்டில் போடுவது பரவலான பழக்கம், அது தவறு. அது நமக்கு வரவேண்டிய விலையைக் குறைக்கிறது. ஆகவே வருவாயில் கழிக்க வேண்டும். செலவில் சேர்த்தால் நிறைவு விழுக்காடும் சேர்ந்து கெடும்.

6. வருவாய்க் கணிப்பை உள்ளிடுதல்

இதுவரையான படிகள் சரியாக நடந்திருந்தால், இந்தத் திரையில் பெரும்பாலும் செய்வதற்கு ஒன்றும் இராது. மூல விலையையும் ஒப்புதல் பெற்ற மாற்றாணைகளையும் கூட்டி மென்பொருளே 106 இலட்சம் என்று காட்டும். அதை ஏற்றுக்கொண்டு அடுத்த ஒப்பந்தத்திற்குப் போகலாம்.

மென்பொருள் காட்டும் எண்ணின்மேல் கையால் வேறு எண்ணை எழுதும் வசதியும் இங்கேயே இருக்கிறது. ஓவர்ரைடு என்று திரையில் இருக்கும் அந்தப் பெட்டிதான் இந்தப் பகுதியில் மிகக் கவனம் தேவைப்படும் இடம். கையால் எழுதிய எண் நீங்கள் எடுக்கும்வரை அங்கேயே நிற்கும் வகையில்தான் பல மென்பொருள்கள் அமைந்திருக்கின்றன. இந்த மாதம் 109 இலட்சம் என்று எழுதுகிறீர்கள். அடுத்த மாதம் 5 இலட்சத்திற்கு ஒரு மாற்றாணை ஒப்புதல் பெறுகிறது. ஒப்பந்த மதிப்பு 111 இலட்சமாக ஏறுகிறது. கணித்த வருவாயோ 109-இலேயே நிற்கும். மென்பொருள் எந்த எச்சரிக்கையும் தராமல் 2 இலட்சத்தை விழுங்கியிருக்கும். ஆகையால் கையால் எழுதிய எண்கள் உள்ள ஒப்பந்தங்களின் பட்டியலை மாதத் தொடக்கத்திலேயே எடுத்து, ஒவ்வொன்றும் இன்னும் தேவையா என்று கேளுங்கள்.

மொத்தத் தொகையை எழுதுவதா, கூட்டவோ குறைக்கவோ வேண்டிய தொகையை மட்டும் எழுதுவதா என்பதையும் உங்கள் மென்பொருளில் சோதித்துப் பாருங்கள். 3 இலட்சம் கூட்ட நினைத்து 3 என்று எழுதி, ஒப்பந்தத்தின் முழு வருவாயையே 3 இலட்சமாக்கிய நிகழ்வு அரிதன்று.

கையால் எழுத வேண்டிய நியாயமான காரணங்கள் உண்டு: விலை முடிவாகாத, ஆனால் மேற்சொன்ன அளவுகோலைத் தாண்டிய மாற்றாணை, உறுதியாகிவிட்ட தாமத இழப்பீடு, அளவுக்கேற்ற விலை உள்ள ஒப்பந்தத்தில் இறுதி அளவு மூல அளவிலிருந்து மாறப்போவது. முடிந்தால் இவற்றையும் நிலுவை மாற்றாணையாகவே பதிந்து, கணிப்பில் சேர்க்கும் அடையாளத்தை அதன்மேல் வையுங்கள். அப்போது எண்ணோடு காரணமும் தங்கும், ஒப்புதல் வந்ததும் இரட்டிப்பாகாது. பெட்டியில் நேரடியாகத்தான் எழுத வேண்டும் என்றால், அதனருகே உள்ள குறிப்புப் பகுதியில் காரணம், ஆதார ஆவணம், யார் சொன்னது, எந்த மாதம் மறுபடி பார்க்க வேண்டும் ஆகியவற்றை எழுதாமல் சேமிக்காதீர்கள்.

இலாப விகிதத்தைச் சென்ற மாதத்துக்குச் சமமாக்குவதற்காக வருவாயைத் திருத்துவது எந்தக் காரணத்தாலும் ஏற்கத்தக்கதன்று.

7. நிறைவு விழுக்காட்டையும் ஈட்டிய வருவாயையும் சரிபார்த்தல்

36 இலட்சத்தை 90 இலட்சத்தால் வகுத்தால் 40 விழுக்காடு. 106 இலட்சத்தில் 40 விழுக்காடு 42.4 இலட்சம். இதுவரை ஈட்டிய இலாபம் 6.4 இலட்சம், அது மொத்த இலாபமான 16 இலட்சத்தில் சரியாக 40 விழுக்காடு. இந்த மூன்று கணக்குகளையும் ஓர் ஒப்பந்தத்திற்கேனும் தாளில் போட்டுப் பார்த்து, அறிக்கையோடு ஒப்பிடுங்கள்.

தளத்தில் வந்து இறங்கியும் பொருத்தப்படாத விலையுயர்ந்த பொருள்களுக்குத் தனிக் கவனம் வேண்டும். மேலே சொன்ன 36 இலட்சத்தில் 6 இலட்சம், வெளி உற்பத்தியாளரிடம் வாங்கிய மின்தூக்கிக்கானது, இன்னும் பொருத்தவில்லை என்று கொள்வோம். அந்தச் செலவு வேலையின் முன்னேற்றத்தைக் காட்டவில்லை. மொத்தச் செலவில் அது கணிசமாகவும், வடிவமைப்பில் நமக்குப் பெரிய பங்கு இல்லாததாகவும், பொருத்துவதற்கு வெகு முன்பே வாடிக்கையாளரின் கட்டுப்பாட்டுக்குப் போய்விட்டதாகவும் இருந்தால், அதன் வருவாயை அதை வாங்க ஆன செலவுக்குச் சமமாக மட்டும் எடுத்துக்கொண்டு இலாபம் சேர்க்காமல் விடுவதே ஐஎஃப்ஆர்எஸ் 15 காட்டும் வழி. கணக்கு இப்படி வரும்: மின்தூக்கி நீங்கலான செலவு 30 இலட்சம், மின்தூக்கி நீங்கலான மொத்தச் செலவு 84 இலட்சம், நிறைவு 35.7 விழுக்காடு. மீதமுள்ள 100 இலட்ச விலையில் அது 35.7 இலட்சம், மின்தூக்கியின் 6 இலட்சத்தைச் சேர்த்தால் ஈட்டிய வருவாய் 41.7 இலட்சம். இலாபம் 6.4 அன்று, 5.7 இலட்சம்.

மென்பொருள் இதைத் தானாகச் செய்வது அரிது. அத்தகைய பொருளுக்குத் தனிச் செலவுக் குறியீடும் தனி ஒப்பந்த உருப்படியும் முன்கூட்டியே திறந்து வைத்தால் இந்தக் கணக்கு எளிதாகும்.

மறுவேலைக்கும் வீணான பொருளுக்கும் ஆன வழக்கத்துக்கு மாறான செலவும் முன்னேற்றம் அன்று. இடித்துக் கட்டிய சுவருக்காக வருவாய் கூடக் கூடாது. அந்தச் செலவை விழுக்காட்டுக் கணக்கிலிருந்து விலக்க வேண்டும்.

8. கணிப்பு மாறிய மாதத்தில் என்ன நடக்கும்

அடுத்த மாதம் செலவுக் கணிப்பு 90-இலிருந்து 96 இலட்சமாக ஏறுகிறது. இதுவரை ஆன செலவு 48 இலட்சம். நிறைவு 50 விழுக்காடு. ஈட்டிய வருவாய் 53 இலட்சம். சென்ற மாதம் வரை 42.4 இலட்சம் எழுதிவிட்டோம். ஆகவே இந்த மாதத்தின் வருவாய் 10.6 இலட்சம். இந்த மாதத்தின் செலவோ 12 இலட்சம்.

ஒப்பந்தம் 10 இலட்சம் இலாபத்தில் முடியப்போகிறது. எனினும் இந்த மாதம் 1.4 இலட்சம் நட்டம் காட்டுகிறது. இதைப் பார்த்து மென்பொருள் தவறு செய்துவிட்டது என்று முடிவுகட்டி, ஓவர்ரைடு பெட்டியைத் திறப்பவர்கள் பலர். தவறு எதுவும் இல்லை. புதிய கணிப்பின்படி முன்பு எழுதிய இலாபம் மிகையானது. அந்த மிகையை மாறிய மாதத்திலேயே முழுதாகச் சரிசெய்வதுதான் இந்த முறையின் இயல்பு. அறிக்கையை மேலிடத்துக்கு அனுப்பும்போது, அந்த மாத நட்டத்தில் எவ்வளவு பழைய மாதங்களின் திருத்தம் என்று பிரித்துக் காட்டி ஒரு பத்தி எழுதி அனுப்புங்கள். அது பல கேள்விகளைத் தவிர்க்கும்.

9. பில் தொகையோடு ஒப்பிடுதல்

40 விழுக்காடு நிறைவில் ஈட்டியது 42.4 இலட்சம், பில் அனுப்பியது 48 இலட்சம். வேறுபாடு 5.6 இலட்சம், வேலைக்கு முன்பே பில் போட்டது. அது வாடிக்கையாளருக்கு நாம் செய்து தர வேண்டிய கடப்பாடு. பில் குறைவாக இருந்திருந்தால் அது நமக்கு உரிய சொத்து. ஒவ்வொரு ஒப்பந்தத்தையும் தனித்தனியே வகைப்படுத்த வேண்டும். ஓர் ஒப்பந்தத்தின் மிகையை இன்னொன்றின் குறையோடு கழித்து ஒரே எண்ணாகக் காட்டக் கூடாது.

பிடித்து வைத்த தொகையைக் கழிக்காத முழுத் தொகையையே பில்லாகக் கொள்ளுங்கள். பிடித்தம் பணம் வருவதைத் தள்ளிப்போடுகிறதே தவிர, வருவாயைக் குறைக்கவில்லை. வாடிக்கையாளர் தந்த முன்பணமும் வருவாய் அன்று.

ஒரு ஒப்பந்தத்தில் பில் போடாத சொத்து மாதத்துக்கு மாதம் வளர்ந்துகொண்டே போனால், பில் போடுவதில் சுணக்கம் இருக்கலாம். அல்லது மீதச் செலவைக் குறைத்துக் கணித்து, இல்லாத வருவாயை எழுதியிருக்கலாம். நான் முதலில் இரண்டாவதைத்தான் சந்தேகிப்பேன்.

10. நட்டத்தில் முடியப்போகும் ஒப்பந்தம்

கணித்த செலவு 110 இலட்சமாகி, விலை 106 இலட்சமாகவே இருந்தால் மொத்த நட்டம் 4 இலட்சம். செலவு 55 இலட்சத்தில், அதாவது 50 விழுக்காட்டில், மென்பொருள் 2 இலட்ச நட்டத்தை மட்டுமே காட்டும். மீதி 2 இலட்சத்தையும் அந்த மாதத்திலேயே ஒதுக்கீடாக எழுத வேண்டும். நட்டம் தரும் ஒப்பந்தங்களுக்குச் சர்வதேசக் கணக்கியல் தரமான ஐஏஎஸ் 37 இதைக் கோருகிறது. சில மென்பொருள்களில் இதற்கான அமைப்பு உண்டு. இல்லாவிட்டால் கையால் பதிவு போட்டு, வேலை நடக்க நடக்க அதைக் குறைத்து வர வேண்டும்.

11. தொகுப்பைச் சரிபார்த்துப் பதிதல், மாதத்தைப் பூட்டுதல்

கணிப்புகள் பெரும்பாலும் தொகுப்பாகவே பதிவாகும். பேட்ச் திறக்கும்போது எந்த மாதம் என்று கேட்கும். அங்கே அன்றைய தேதியின் மாதம் தானாக வந்து நிற்கும். மாத முடிவு வேலையை அடுத்த மாத முதல் வாரத்தில் செய்பவர்கள் இதைக் கவனிக்காமல் ஒரு மாதம் தள்ளிப் பதிந்துவிடுகிறார்கள். முதலில் மாதத்தைத் திருத்துங்கள்.

பதியும் முன் சரிபார்ப்புப் பட்டியலை எடுத்து, மூன்று எண்களைப் பொதுப் பேரேட்டோடு ஒப்பிடுங்கள்: ஒப்பந்தங்களின் மொத்தச் செலவு, மொத்த பில், சென்ற மாதம் வரை எழுதிய மொத்த வருவாய். ஒன்று ஒத்துவராவிட்டாலும் பதியாமல் நிறுத்துங்கள். காரணம் பெரும்பாலும், ஒப்பந்த எண் குறிப்பிடாமல் பேரேட்டில் நேரடியாகப் போட்ட ஒரு பதிவாகத்தான் இருக்கும்.

மிகை பில்லுக்கும் குறை பில்லுக்குமான சரிக்கட்டல் பதிவு, அடுத்த மாத முதல் நாளில் தானாகத் திரும்பும் வகையில் அமைந்திருக்கிறதா என்று பாருங்கள். கணக்கு தொடக்கத்திலிருந்தான மொத்தத்தில் ஓடுவதால், சென்ற மாதப் பதிவு திரும்பாமல் இந்த மாத முழுத் தொகையும் மறுபடி விழுந்தால் வருவாய் இரட்டிப்பாகும். வேறுபாட்டை மட்டும் பதியும் மென்பொருளில் திரும்பும் பதிவு போட்டாலும் வருவாய் பிழையாகும். இரண்டில் ஒன்றை மட்டும் பின்பற்றுங்கள்.

பதிந்த பின் மாதத்தைப் பூட்டிவிடுங்கள். பூட்டாத மாதத்தில் யாரோ தாமதமாக வந்த பில் ஒன்றை ஏற்றினால், நீங்கள் அனுப்பிய அறிக்கையும் மென்பொருளில் உள்ளதும் வேறுவேறாகிவிடும்.

12. ஒப்பந்தம் முடியும் தறுவாயில்

வேலை முடிந்த ஒப்பந்தம் 98 விழுக்காட்டில் மாதக்கணக்கில் நிற்பதைப் பல நிறுவனங்களில் காணலாம். யாரும் மீதச் செலவைப் பூச்சியமாக்கவில்லை என்பதே காரணம். இறுதி அளவீடு ஒப்புக்கொள்ளப்பட்டதும் கையால் எழுதிய எண்கள் அனைத்தையும் நீக்கி, ஒப்புதல் பெறாமலே நின்றுபோன மாற்றாணைகளை மறுக்கப்பட்டவையாக மாற்றி, எல்லாச் செலவுக் குறியீடுகளின் மீதத்தையும் பூச்சியமாக்குங்கள். விழுக்காடு 100-ஐத் தொட்டு, ஈட்டிய வருவாயும் பில் தொகையும் சமமாக வேண்டும்.

குறைகளைச் சரிசெய்து தரும் காலத்திற்கான செலவை, ஒப்பந்தத்தை மூடும் முன்பே மதிப்பிட்டு ஒதுக்குங்கள். வாடிக்கையாளர் பிடித்து வைத்த தொகை திரும்பி வரும்வரை ஒப்பந்தத்தின் நிலையை 'செலவுக்கு மூடியது' என்று மட்டும் வைத்திருங்கள்; முழுதாக மூடிவிட்டால், அந்தத் தொகைக்கான இறுதி பில்லைப் பல மென்பொருள்கள் ஏற்க மறுக்கும்.